அன்றாடப் பொருட்களைக் கொண்டு டிஜிட்டல் சர்ரியல் ஸ்டில் லைஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவிலோ போனிலோ நீங்களே எடுத்த படங்களை ஃபோட்டோஷாப், ஜிம்ப், ஃபோட்டோபீ போன்ற மென்பொருள்களில் சேர்த்துச் செய்யும் சர்ரியல் (நிஜத்தை மீறிய) ஸ்டில் லைஃப் (அசையாப் பொருட்களின் படம்) பற்றிய பக்கம் இது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்கிறவர்களுக்கான பதில் பின்பகுதியில் இருக்கிறது. மெனுப் பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், செய்யும் வேலை மாறாது.

சாதாரண போட்டோ ஒட்டுப்படத்துக்கும் சர்ரியல் ஸ்டில் லைஃபுக்கும் என்ன வித்தியாசம்?

மேசைமேல் நான்கைந்து சாதாரணப் பொருட்கள், அமைதியான ஒளி, நடுவே நடக்கவே முடியாத ஒரு விஷயம். அந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் இந்தக் கலையின் உயிர். ஒரு படத்தில் ஒரு விதியை மட்டும் உடையுங்கள், மற்ற விதிகள் எல்லாம் கறாராக நடக்கட்டும். முட்டை மிதக்கிறது என்றால் அதன் நிழலும், மேசையின் மரக்கோடும், பக்கத்துக் கோப்பையின் வாய்வட்டமும் கண் சந்தேகப்பட இடம் தரக்கூடாது. முட்டையும் மிதந்து, கோப்பையும் உருகி, ஜன்னலில் இரண்டு நிலாவும் தெரிந்தால், பார்ப்பவர் "கனவுக் காட்சி" என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

சர்ரியல் கலையின் முன்னோடிகளும் இப்படித்தான் செய்தார்கள். மெரெட் ஓப்பன்ஹைம் 1936இல் ஒரு கோப்பை, சாசர், கரண்டி மூன்றையும் விலங்கின் மென்மயிர்த் தோலால் போர்த்தினார். வடிவத்தைத் தொடவில்லை, மேற்பரப்பை மட்டும் மாற்றினார். உதட்டில் அந்த மயிர் படுவதை நினைத்தாலே உடல் கூசும். ரெனே மாக்ரித் 1952இல் வரைந்த ஒரு படுக்கையறையில் சீப்பும் தீக்குச்சியும் கண்ணாடிக் கிண்ணமும் கட்டில், அலமாரி அளவுக்கு நிற்கின்றன. அந்தப் பொருட்களில் அளவைத் தவிர எதுவும் மாறவில்லை.

யோசனை வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பொருளிடமிருந்து. ஒரு பொருளைக் கையில் எடுத்து, அதைப் பற்றி யாருமே சந்தேகப்படாத உண்மை எது என்று பாருங்கள். கத்தரிக்கோலின் நிழல் கத்தரிக்கோல் போலவே இருக்கும். ஆக, கத்தரிக்கோல் மூடியிருக்க நிழல் திறந்திருக்கலாம். குழாயிலிருந்து தண்ணீர் வரும். நூல் வந்து கீழே கண்டாகச் சுற்றிக்கொள்ளலாம். இரும்புத் திருகாணி வளையாது. அது தண்டு வாடிய பூவைப் போலத் தலை தொங்கலாம். அளவு, பொருண்மை, எடை, நிழல், பயன்பாடு என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கேட்டுப்பார்த்தால் ஒரே பொருளில் பல படங்கள் கிடைக்கும்.

கோப்பைக்குள் கடல், பல்புக்குள் மீன், உருகும் கடிகாரம் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. கண் அவற்றை முன்பே பார்த்துப் பழகிவிட்டது.

போன் கேமரா போதுமா? வேறு என்ன வேண்டும்?

இணையத்துக்கும் ஏ4 பிரின்ட்டுக்கும் போன் போதும், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் படம்) எடுக்க வேண்டும். போனின் தானியங்கி எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் வசதி) ஒவ்வொரு ஷாட்டிலும் நிழலை வேறு வேறு அளவில் தூக்கிவிடும், அப்புறம் இரண்டு படங்கள் ஒன்றோடொன்று சேராது. இரண்டு, அகலக் கோண லென்ஸைத் தவிர்த்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்துத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். மிக அருகிலிருந்து அகலக் கோணத்தில் எடுத்தால் கோப்பையின் முன்பக்கம் பிதுங்கித் தெரியும்.

கேமரா இருந்தால் முழு பிரேம் கணக்கில் 50 முதல் 85 மி.மீ. லென்ஸ், எஃப்/8 துளை அளவு, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100. ஷட்டர் எவ்வளவு மெதுவானாலும் கவலை இல்லை, ட்ரைபாட் இருக்கிறது. ட்ரைபாட் மட்டும் இல்லாமல் முடியாது. பாக்கி எல்லாம் சில்லறைச் சாமான்கள்: ஒரு எல்இடி விளக்கு, அதன் முன் மறைக்க டிரேசிங் தாள், வெள்ளை அட்டை, கறுப்பு அட்டை, மாஸ்கிங் டேப், விறைப்பான மெல்லிய கம்பி.

எல்லாப் பொருட்களையும் ஒரே சமயத்தில் எடுக்க வேண்டுமா?

ஒரே அமைப்பில் எடுங்கள், ஆனால் தனித்தனியாக. வரிசை இப்படி:

1. மேசை, பின்னணி, விளக்கு, கேமரா நான்கையும் நிலைநிறுத்துங்கள். ட்ரைபாட் கால்களையும் விளக்குக் காலையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்.
2. எக்ஸ்போஷர், போகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலுக்கு மாற்றுங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இருந்தால் சிவப்புப் பொருள் வைத்ததும் மேசையின் நிறமே மாறும்.
3. மேசை காலியாக இருக்கும்போது இரண்டு ஷாட். இந்த வெற்றுப் படத்தை எடுக்க மறப்பவர்கள்தான் அதிகம். கம்பியை மறைக்கவும், நிழலைத் துடைக்கவும், தவறை மூடவும் இதுதான் கைகொடுக்கும்.
4. ஒவ்வொரு பொருளையும் அது இறுதியில் நிற்க வேண்டிய இடத்திலேயே வைத்துத் தனித்தனியே எடுங்கள்.
5. கடைசியாக எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரு ஷாட். பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி நிழலும் பிரதிபலிப்பும் போடுகின்றன என்பதற்கு இதுவே சான்று.

டைமர் அல்லது ரிமோட் கொண்டு எடுங்கள். விரல் பட்டு கேமரா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெற்றுப் படம் மேலே பொருந்தாது.

ஒளியை எப்படி அமைப்பது?

ஒரே விளக்கு, பக்கவாட்டில், பொருளைவிடச் சற்று உயரத்தில். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. இவ்வளவுதான், இதற்குமேல் விளக்கு சேர்த்தால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல் செய்ய வேண்டிவரும்.

தூரம் முக்கியம். ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். விளக்கிலிருந்து 50 செ.மீ. தள்ளியிருக்கும் கோப்பையை 70 செ.மீ. தூரத்துக்கு நகர்த்தினால் அதன்மேல் விழும் ஒளி ஏறக்குறைய பாதியாகிவிடும். விளக்கு 150 செ.மீ. தூரத்தில் இருந்தால் அதே 20 செ.மீ. நகர்வுக்கு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறையும். பொருட்களைப் பிறகு கணினியில் நகர்த்தும் எண்ணம் இருந்தால் விளக்கைத் தள்ளி வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் அழகானது, ஆனால் மேகம் நகரும்போதெல்லாம் மாறும். அதில் எடுப்பதானால் எல்லா ஷாட்டையும் சில நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும்.

வேறொரு நாள் எடுத்த கோப்பையைச் சேர்த்தேன். அளவும் நிறமும் சரி, ஆனாலும் ஒட்டவில்லை. ஏன்?

பெரும்பாலும் வாய்வட்டம்தான் காரணம். கோப்பையின் வாய் நிஜத்தில் வட்டம், படத்தில் நீள்வட்டம். அந்த நீள்வட்டத்தின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் கேமரா எவ்வளவு கீழ்நோக்கிப் பார்த்தது என்று தெரிந்துவிடும். 10 டிகிரி என்றால் விகிதம் சுமார் 0.17, 20 டிகிரிக்கு 0.34, 30 டிகிரிக்கு 0.5. உங்கள் மேசையில் உள்ள தட்டு 0.34 என்றும், அருகில் அதே உயரத்தில் சேர்த்த கோப்பையின் வாய் 0.5 என்றும் இருந்தால், எந்த வண்ணத் திருத்தமும் அதைக் காப்பாற்றாது. வாயைச் செங்குத்தாக அமுக்கிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். கோப்பையின் உடல் குட்டையாகி, அடிவட்டமும் தவறாகிவிடும். மறுபடி எடுப்பதே குறைந்த வேலை.

எடுக்கும்போதே மூன்றைக் குறித்துவைத்தால் இந்தச் சிக்கல் வராது: மேசையிலிருந்து லென்ஸின் உயரம், பொருளிலிருந்து லென்ஸின் தூரம், லென்ஸின் மி.மீ. அளவு.

சின்னப் பொருளைப் பிரம்மாண்டமாகக் காட்டினால் பொம்மை போலத் தெரிகிறது. என்ன செய்வது?

அளவை மாற்றும்போது பொருளோடு சேர்ந்து இன்னும் மூன்று விஷயங்கள் அளவு மாற வேண்டும். 15 செ.மீ. சீப்பு ஒன்று அறைக்குள் 3 மீட்டர் உயரத்துக்கு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது 20 மடங்கு.

முதலில் கேமரா உயரம். அறையை 160 செ.மீ. உயரத்தில், நின்றிருக்கும் ஒருவரின் கண்மட்டத்தில் எடுத்திருந்தால், சீப்பை 160ஐ 20ஆல் வகுத்து 8 செ.மீ. உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். தூரமும் அப்படியே: அறையில் சீப்பு நிற்கும் இடம் கேமராவிலிருந்து 6 மீட்டர் என்றால், சீப்பை 30 செ.மீ. தூரத்திலிருந்து எடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்து எடுத்த சீப்பு, எத்தனை பெரிதாக்கினாலும் மேசைமேல் கிடந்த சீப்பாகவே தெரியும்.

அடுத்தது ஒளிமூலத்தின் அளவு. அறை ஜன்னல் 120 செ.மீ. அகலம் என்றால் சீப்புக்கு 6 செ.மீ. அகல ஒளிதான் கொடுக்க வேண்டும். விளக்கின் முன் கறுப்பு அட்டையில் 6 செ.மீ. துளை வெட்டி டிரேசிங் தாள் ஒட்டினால் போதும். பெரிய சாஃப்ட்பாக்ஸ் (துணி மூடிய விளக்குப்பெட்டி) வைத்தால் நிழல் மிக மென்மையாகி, பொருள் சின்னது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது போகஸ் ஆழம். அருகிலிருந்து எடுத்தால் பொருளின் முன்பாகம் தெளிவாகவும் பின்பாகம் மங்கலாகவும் இருக்கும், மூளை அதைச் சின்னப் பொருள் என்று உடனே கணக்குப் போடும். எஃப்/22க்கு மூடுவதும் தீர்வல்ல, டிஃப்ராக்‌ஷனால் அதாவது சிறு துளையில் ஒளி சிதறுவதால், மொத்தப் படமும் மழுங்கும். எஃப்/8இல் நிறுத்தி, போகஸை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்தி 10 முதல் 20 ஷாட் எடுத்து போகஸ் ஸ்டாக்கிங் செய்யுங்கள், அதாவது அவற்றின் தெளிவான பகுதிகளை ஒரே படமாகச் சேருங்கள்.

எடுக்கும் முன் ஊதுபந்தால் தூசியை ஊதிவிடுங்கள். அரை மி.மீ. தூசி 20 மடங்கில் 1 செ.மீ. குப்பையாகத் தெரியும்.

நிழலை நம்பும்படி வரைவது எப்படி?

முடிந்தவரை வரையாதீர்கள். பொருளை அதே மேசையில் வைத்து எடுத்த படத்தில் நிஜ நிழல் இருக்கிறது, அதையே மாஸ்க் செய்து (வேண்டாத பகுதியை மறைத்து) கொண்டுவாருங்கள். நிழல் வேறாக இருக்க வேண்டிய படங்களில், கத்தரிக்கோல் உதாரணம் போல, திறந்த கத்தரிக்கோலை அதே இடத்தில் வைத்து ஒரு ஷாட் எடுத்து நிழலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வரைந்தே ஆக வேண்டுமென்றால் ஒரே லேயரில் (அடுக்கில்) முடிக்க நினைக்க வேண்டாம். பொருள் மேசையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய, மிக அடர்ந்த கோடு வேண்டும். பெரிய படத்தில் மூன்று நான்கு பிக்சல் அகலம்தான். இது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல நிழலும் பொருளைத் தரையில் நிறுத்தாது. மேசைமேல் விழும் நிழலுக்கு மல்டிப்ளை மோடில் (அடியிலுள்ள படத்தைக் கறுக்கவைக்கும் கலப்பு) தனி லேயர். பொருளுக்கு அருகே விளிம்பு கூர்மையாகவும் தள்ளிப்போகப் போக மங்கலாகவும் இருக்க வேண்டும், அடர்த்தியும் குறைந்துகொண்டே வர வேண்டும்.

எவ்வளவு மங்கல் என்று கண்மதிப்பில் போட வேண்டியதில்லை. ஒளிமூலத்தின் அகலத்தை, பொருளிலிருந்து மேசைக்கு உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்கிலிருந்து பொருளுக்கு உள்ள தூரத்தால் வகுங்கள். 40 செ.மீ. விளக்கு, 100 செ.மீ. தூரம், முட்டை மேசைக்கு 10 செ.மீ. மேலே என்றால் நிழல் விளிம்பு 4 செ.மீ. அகலத்துக்கு மங்கும். முட்டை 1 செ.மீ. மேலே இருந்தால் 4 மி.மீ. அகலத்துக்கு மங்கும். மேசையில் 1 செ.மீ. எத்தனை பிக்சல் என்று அளந்து அதைப் பிக்சலாக மாற்றி, அதில் கால் பங்கை கௌசியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) ஆரமாக வைத்துத் தொடங்குங்கள்.

நிறம் சுத்தக் கறுப்பாக இருக்கவே கூடாது. படத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு நிஜ நிழலிலிருந்து ஐட்ராப்பரால் நிறம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மரமேசையில் நிழல் பழுப்பாகவும், நீல வானம் தெரியும் ஜன்னல் அருகே நீலச் சாயலோடும் இருக்கும்.

பொருளை மிதக்கவைக்க?

பொருளின் பின்னால், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் விறைப்பான கம்பியை ஒட்டி நிறுத்துங்கள். தூண்டில் நரம்பில் தொங்கவிட்டால் பொருள் சுழன்றுகொண்டே இருக்கும், மெதுவான ஷட்டரில் எல்லாம் கலங்கிவிடும். கம்பியின் நிழலும் மேசையில் விழும். வெற்றுப் படத்தை அடியில் வைத்து இரண்டையும் மாஸ்க்கில் அழித்துவிடலாம்.

கண்ணாடியும் ஸ்டீல் கரண்டியும் தொல்லை தருகின்றன.

இந்த வேலையிலேயே கடினமான பகுதி இதுதான். கண்ணாடியை வெட்டி எடுக்கவே முயலாதீர்கள். ஒருமுறை வெள்ளைப் பின்னணியிலும் ஒருமுறை கறுப்புப் பின்னணியிலும் கேமராவை அசைக்காமல் எடுங்கள். வெள்ளையில் எடுத்ததை மல்டிப்ளையில் போட்டால் கறுத்த விளிம்புகள் வரும், கறுப்பில் எடுத்ததை ஸ்கிரீன் மோடில் (அடியிலுள்ளதை வெளிச்சமாக்கும் கலப்பு) போட்டால் மின்னல்கள், அதாவது பளபளக்கும் இடங்கள், வரும். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி. பின்னால் தெரியும் பொருள் வளைய வேண்டியதைத் தனியாகச் செய்ய வேண்டும். உருளை வடிவ டம்ளரில் தண்ணீர் நிறைந்திருந்து, பின்னால் உள்ள பொருள் சற்றுத் தள்ளியிருந்தால், அது இடவலமாகத் திரும்பித் தெரியும், தலைகீழாகாது. இதைத் தலைகீழாக்கி வைக்கும் படங்கள் நிறைய.

கரண்டிக்கு வேறு பிரச்சினை: அது முழு அறையையும் காட்டும், கேமரா பிடித்த ஆளையும் சேர்த்து. போலரைசர் ஃபில்டர் மேசை வார்னிஷின் பளபளப்பைக் குறைக்கும், உலோகப் பிரதிபலிப்பில் பெரிதாக உதவாது. கரண்டியைச் சுற்றி வெள்ளை அட்டைகளால் கூடாரம் போட்டு, லென்ஸுக்கு மட்டும் துளை விடுங்கள். வெள்ளை மட்டும் பிரதிபலித்தால் கரண்டி சாம்பல் பிளாஸ்டிக் போலாகும். ஒரு கறுப்பு அட்டைத் துண்டை ஓரமாக வைத்தால் உலோகம் உயிர்பெறும். பக்கத்தில் வைக்கப்போகும் சிவப்பு ஆப்பிள் கரண்டியில் தெரிய வேண்டுமென்றால் எடுக்கும்போதே ஆப்பிளையும் வைத்துவிடுங்கள்.

வெட்டிய பொருளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறது.

பழைய பின்னணியின் நிறம் விளிம்புப் பிக்சல்களில் கலந்திருக்கிறது. மாஸ்க்கை 1 அல்லது 2 பிக்சல் உள்ளே சுருக்கி, அரை பிக்சல் ஃபெதர் (விளிம்பை மென்மையாக்குவது) கொடுங்கள். அடுத்த முறை வெள்ளைத் தாளுக்குப் பதில், இறுதிப் பின்னணிக்கு நெருக்கமான நிறத்தில் தாள் வைத்து எடுங்கள். கோப்பை, சாவி போன்ற திட விளிம்புகளுக்குப் பென் டூல்தான், தானியங்கித் தேர்வு வளைவுகளில் பல் பல்லாக வெட்டும்.

கோப்பைக்கு மரத்தின் மேற்பரப்பு கொடுத்தால் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறது.

மரக்கோடு கோப்பையின் வளைவோடு வளையவில்லை என்று அர்த்தம். வார்ப் கொண்டு கோடுகளை வளையுங்கள், ஓரங்களில் நெருங்கி நடுவில் விரிந்து வர வேண்டும். மரப்படத்தைத் தட்டையான, நிழலற்ற ஒளியில் எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒளியும் நிழலும் கோப்பையிலிருந்துதான் வரும். அதற்கு வெள்ளைக் கோப்பையைப் பயன்படுத்தி மரத்தை அதன்மேல் மல்டிப்ளையில் போடுவது வசதி. பீங்கானின் கூரிய மின்னலை மங்கச் செய்ய மறக்காதீர்கள். மெருகேற்றாத மரம் அப்படி மின்னாது.

வெவ்வேறு படங்களின் நிறத்தையும் தானியத்தையும் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) ஒன்றாக்குவது?

முதலில் வெளிச்சம், பிறகு நிறச்செறிவு, கடைசியில் நிறம். மேலே ஒரு கறுப்பு லேயரை கலர் மோடில் வைத்தால் படம் கறுப்புவெள்ளையாகும். அந்த நிலையில் ஒவ்வொரு பொருளின் கர்வ்ஸையும் (வெளிச்ச அளவை மாற்றும் வளைகோடு) சரிசெய்யுங்கள். 16 பிட்டில் வேலை செய்தால் பின்னணிச் சுவரில் பட்டை பட்டையாக வராது. எல்லாம் முடிந்தபின் மொத்தப் படத்துக்கும் ஒரே சீரான நாய்ஸ் (தானியம்) கொஞ்சம் சேருங்கள். சுருக்கிய பொருள் மழமழவென்றும் பெரிதாக்கியது சொரசொரப்பாகவும் இருப்பதை அது மறைக்கும்.

இணையத்தில் கிடைக்கும் படங்களைச் சேர்க்கலாமா?

உரிமம் தெளிவாக இருந்தால் சேர்க்கலாம். ஆனால் கேமரா கோணமும் ஒளியும் உங்கள் மேசையோடு ஒத்துவருவது அபூர்வம். புகழ்பெற்ற ஓவியங்களை வெட்டிச் சேர்ப்பதில் கவனம் வேண்டும். மாக்ரித் 1967இல் இறந்தார். ஓவியர் இறந்து 70 ஆண்டு வரை காப்புரிமை உள்ள நாடுகளில் அவருடைய படங்கள் 2037 முடியும்வரை பாதுகாப்பில் இருக்கும்.

முழுக்க பிளெண்டரிலேயே செய்யலாமா?

தாராளமாக. நிழல், பிரதிபலிப்பு, கண்ணாடிக்குள் வளைவு எல்லாம் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் (ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்கும் பகுதி) தானாக வரும். அங்கே தோல்வி வேறு விதம்: எல்லாம் மிகச் சுத்தமாக இருக்கும். நிஜப் பொருளில் கத்திபோன்ற விளிம்பு கிடையாது, ஆகவே ஒவ்வொரு விளிம்புக்கும் 0.3 முதல் 1 மி.மீ. பெவல் (சிறு சரிவு) கொடுங்கள், மின்னல் கோடு அங்கேதான் பிடிக்கும். பொருட்களை நிஜ அளவில் செய்யுங்கள், 6 செ.மீ. சாவி 6 மீட்டராக இருந்தால் போகஸ் ஆழம் தவறிவிடும். ரஃப்னஸ் (சொரசொரப்பு) மதிப்பு எங்கும் ஒரே எண்ணாக இருக்க வேண்டாம், விரல்பட்ட தடம் போல ஏறி இறங்கட்டும். ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு 1.5, தண்ணீருக்கு 1.33. டம்ளரில் தண்ணீர் வைக்கும்போது தண்ணீரின் மெஷ் (முப்பரிமாண வடிவம்) கண்ணாடிச் சுவருக்குள் சற்று நுழைந்திருக்க வேண்டும், இடைவெளி விட்டால் வெள்ளிபோல் ஒரு காற்றுப்படலம் தெரியும்.

போட்டோவோடு சேர்ப்பதானால் வியூ டிரான்ஸ்ஃபார்மை (திரையில் நிறம் காட்டும் முறை) ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள். 4.0 பதிப்பிலிருந்து இயல்பாக வரும் ஏஜிஎக்ஸ், போட்டோவின் நிறங்களை வெளிற வைக்கும்.

ஏஐ கொண்டு உருவாக்கினால் என்ன?

பின்னணிச் சுவரை நீட்டவும், கம்பியை அழிக்கவும் உதவும். மொத்தப் படத்தையும் அதனிடம் கொடுத்தால் நிழல் ஒரு பக்கமும் மின்னல் வேறு பக்கமும் போவது சகஜம், அதைத் திருத்த லேயரும் இருக்காது. எந்த விதியை உடைப்பது என்ற முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். பயன்படுத்தியிருந்தால் படத்தோடு சொல்லிவிடுங்கள்.

ஏதோ தவறாக இருக்கிறது, எது என்று பிடிபடவில்லை.

படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், பழகிய கண் புதிதாகும். மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு அளவுக்கு மீறி முறுக்கினால் ஒட்டிய விளிம்புகளும் தூரிகைத் தடங்களும் வெளியே வரும். அதன்பின் ஒளியைச் சோதியுங்கள்: ஒவ்வொரு நிழலின் நுனியிலிருந்தும் அந்தப் பொருளின் உச்சி வழியாகக் கோடு இழுத்து மேலே நீட்டுங்கள். ஒரே விளக்கு என்றால் எல்லாக் கோடுகளும் அந்த விளக்கில் சந்திக்க வேண்டும். எந்தக் கோடு வேறெங்கோ போகிறதோ அந்தப் பொருள்தான் குற்றவாளி.

பிரின்ட் எடுக்க எவ்வளவு பெரிதாக வேண்டும்?

ஏ3க்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் 3508 × 4961 பிக்சல், ஏ2க்கு 4961 × 7016. வேலையைத் தொடங்கும்போதே இந்த அளவில் கேன்வாஸ் திறங்கள். பிஎஸ்டி ஃபைல் 2 ஜிபியைத் தாண்டினால் சேமிக்காது, பிஎஸ்பி வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மேட் தாளில் கருநிழல்கள் திரையில் தெரிவதைவிட அடைத்துக்கொள்ளும். நிழலும் தொடும்கோடும் உள்ள பகுதியை மட்டும் 10 செ.மீ. பட்டையாக முதலில் அச்சடித்து, விவரம் மறைந்திருந்தால் நிழல் பகுதியை மட்டும் கர்வ்ஸில் சற்றுத் தூக்கிவிட்டு முழுப் படத்தை அனுப்புங்கள்.